இடம் மாறிய கட்டளைகள்: எக்செல் ரிப்பனும் கைப்பழக்கமும்

வரவு செலவு, சம்பளப் பட்டியல், மதிப்பெண், சரக்கிருப்பு என எண்கள் புழங்கும் இடமெல்லாம் பயன்படும் விரிதாள் என்பது, நிரைகளும் நிரல்களும் வெட்டிக்கொள்ளும் கட்டங்களில் எண்களையும் சூத்திரங்களையும் எழுதிவைத்தால், ஓர் எண் மாறும்போது அதைச் சார்ந்த கணக்குகள் அனைத்தும் தாமாகவே மாறிக்கொள்ளும்படி அமைந்த மென்பொருளாகும். அந்த மென்பொருளிடம் வேலை வாங்குவதற்கான கட்டளைகளை வகைப்படுத்தித் தொகுத்த பட்டியலே மெனு எனப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்செல் விரிதாள் தன் 2007 பதிப்பில், பல ஆண்டுகளாக இருந்துவந்த மெனுக்களை முற்றிலும் அகற்றிவிட்டு, 'ரிப்பன்' எனப்படும் அகன்ற பட்டையை அவற்றின் இடத்தில் வைத்தது. கணக்கிடும் முறை பெரும்பாலும் அப்படியே இருக்க, கட்டளைகளின் இருப்பிடம் மட்டும் மாறிய அந்த நிகழ்வு, ஒரு கருவி முகம் மாறும்போது அதைக் கையாளும் மனிதரின் திறமைக்கு என்ன நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள நல்ல சான்றாகும்.

தனிநபர் கணினி விரிதாளின் வரலாறு 1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க் மென்பொருளிலிருந்து தொடங்குகிறது. அதில் கட்டளைகளை அழைக்கச் சாய்கோட்டு விசையை அழுத்த வேண்டும். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. 1985இல் மக்கின்டோஷ் கணினிக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்த எக்செல், மவுஸால் தொட்டுத் திறக்கும் மெனுக்களைக் கொண்டிருந்தபோதிலும், லோட்டஸில் பழகியவர்கள் திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காகச் சாய்கோட்டு விசைக்கும் மெனுவைத் திறக்கும் வேலையைக் கொடுத்தது. பழைய பழக்கத்திற்கு ஒரு வழியைத் திறந்து வைத்தபடியே புதியதைக் கொண்டுவர முடியும் என்பதற்கு அந்த ஒற்றை விசை சான்று.

மெனுக்கள் நிரம்பி வழிந்த காலம்

மெனுவை அடியோடு மாற்ற வேண்டிய தேவை எதனால் எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள, எக்செல் இடம்பெற்றிருக்கும் ஆஃபீஸ் தொகுப்பின் மற்றோர் உறுப்பான வேர்டின் வளர்ச்சியைக் காணலாம். அதன் முதல் பதிப்பில் ஏறத்தாழ 100 கட்டளைகள் இருந்தன. 2003 பதிப்பிலோ அவை 1,500ஐத் தாண்டியிருந்தன. புதிய வசதி ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மெனுவின் அடியிலோ, அதற்குள் கிளைக்கும் துணை மெனுவிலோ, படக்குறிகளை வரிசையாகக் கொண்ட கருவிப்பட்டைகளிலோ செருகப்பட்டதால், வசதி இருந்தும் அது இருப்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று. ஆஃபீஸில் ஏற்கெனவே உள்ள வசதிகளையே வேண்டுமெனக் கேட்டு எழுதியவர்கள் பலர் என்பதை அதன் வடிவமைப்பாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அடிக்கடி பயன்படாத கட்டளைகளைத் தாமாகவே மறைத்துக்கொள்ளும் மெனுக்கள் ஆஃபீஸ் 2000இல் முயன்று பார்க்கப்பட்டன. ஆனால், நேற்று இருந்த இடத்தில் இன்று ஒரு கட்டளை இல்லாமற்போனது குழப்பத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

பயனர்களின் இசைவுடன் திரட்டப்பட்ட பயன்பாட்டுத் தரவு மற்றோர் உண்மையையும் காட்டியது. வேர்டு 2003இல் நடந்த கட்டளைப் பயன்பாடு முழுவதிலும், நகலெடுத்ததை ஒட்டும் 'பேஸ்ட்' கட்டளை மட்டுமே 11 விழுக்காட்டிற்கு மேல் இடம்பிடித்தது. அதனுடன் சேமித்தல், நகலெடுத்தல், செய்ததை மீட்டல், எழுத்தைத் தடிப்பாக்கல் ஆகிய நான்கும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிரப்பின. மைக்ரோசாஃப்டின் ஜென்சன் ஹாரிஸ் முதலானோர் வடிவமைத்த ரிப்பனில் பேஸ்ட் பொத்தான் இடது ஓரத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக அமைந்திருப்பது, அது எவ்வளவு அதிகம் பயன்படுகிறது என்பதோடு ஒத்துப்போகிறது.

ரிப்பன் என்பது டேப், குழு, பொத்தான் என மூன்று படிகளால் ஆனது. 2007 பதிப்பில் ஹோம், இன்சர்ட், பேஜ் லேஅவுட், ஃபார்முலாஸ், டேட்டா, ரிவ்யூ, வியூ ஆகிய ஏழு டேப்களும் ஏட்டின் பிரிவுத் தாள்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றையும் தொட்டால், நெருங்கிய கட்டளைகள் குழுக்களாகக் கண்முன் விரிகின்றன. வரைபடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் தோன்றி, விட்டு விலகினால் மறையும் சூழல் டேப்களும் உண்டு. கட்டளைகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்த்து அடுக்கிய முறையிலிருந்து, பயனர் எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறார் என்று பார்த்து அடுக்கும் முறைக்கு மாறியதே இம்மாற்றத்தின் சாரம்.

தேர்ந்தவர்கள் தடுமாறியது ஏன்

புதிதாகக் கற்க வந்தவர்களைவிட, பழைய எக்செலில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களே ரிப்பன் முன் அதிகம் தடுமாறினர். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அதன் படிகள் எண்ணத்திலிருந்து விலகிக் கையின் பழக்கமாகப் படிந்துவிடுகின்றன. உளவியலாளர்கள் இதைச் செயல்முறை நினைவு என்பர். தேர்ந்த கணக்கர் மெனுவின் சொற்களைப் படிப்பதில்லை. அவருடைய கை அந்த இடத்திற்குத் தானே போகிறது. இடம் மாறியதும், அவ்வளவு காலம் உதவிய அதே நினைவு தவறான இடத்திற்குக் கையை இழுக்கிறது. முன் கற்றது பின் கற்பதைத் தடுக்கும் இந்நிலைக்கு எதிர்மறைப் பயிற்சி மாற்றம் என்று பெயர். ஆகவே அந்தத் தடுமாற்றம் திறமைக் குறைவின் அடையாளமாகாது. ஆழ்ந்த திறமைக்கு இருந்த விலையே அது.

சில கட்டளைகளின் இடமாற்றம் இதைத் தெளிவாக்கும். பழைய எக்செலில் புதிய நிரையைச் சேர்க்க இன்சர்ட் மெனுவைத் திறப்பது வழக்கம். 2007 பதிப்பில் இன்சர்ட் என்ற பெயரிலேயே டேப் இருந்தும், நிரை சேர்க்கும் கட்டளை ஹோம் டேபில் உள்ள செல்ஸ் குழுவுக்குப் போய்விட்டது. பெருந்தரவைச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிள் டேட்டா மெனுவிலிருந்து இன்சர்ட் டேபுக்கும், உருட்டும்போது தலைப்பு நிரை நகராமல் நிறுத்தும் ஃபிரீஸ் பேன்ஸ் விண்டோ மெனுவிலிருந்து வியூ டேபுக்கும் சென்றன. எல்லாவற்றிலும் மேலாக, ஃபைல் மெனு மறைந்து, அதன் இடத்தில் ஆஃபீஸ் சின்னம் பொறித்த வட்டப் பொத்தான் ஒன்று வந்தது. அது அழுத்துவதற்குரியது என்பதே பலருக்குத் தோன்றவில்லை. 2010 பதிப்பில் அந்த வட்டம் நீக்கப்பட்டு, ஃபைல் என்ற சொல் மீண்டும் டேபாகத் திரும்பியது. 2007இல் பயனர் தன் விருப்பப்படி மாற்றியமைக்க முடியாதிருந்த ரிப்பனை, 2010இல் புதிய டேப்களும் குழுக்களும் சேர்த்து அமைத்துக்கொள்ளும் வசதியும் வந்தது.

பழகுவதற்கான வழிகள்

மாறியவற்றைப் பற்றியே பேசும்போது மாறாதவை கவனத்தில் படுவதில்லை. கன்ட்ரோல் விசையுடன் சேர்த்து அழுத்தும் குறுக்கு விசைகள் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன. பழைய மெனு வழியாக ஆல்ட் விசையால் சென்ற பல பாதைகளும் திறந்தே விடப்பட்டன. எடுத்துக்காட்டாக, சூத்திரத்தை விட்டு அதன் மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு ஆல்ட், ஈ, எஸ், வி என அழுத்திப் பழகியவர்கள், எடிட் மெனு இல்லாத புதிய எக்செலிலும் அதே விசைகளால் அதே வேலையை முடிக்கலாம். ஆல்ட் விசையை மட்டும் அழுத்தினால், ஒவ்வொரு டேபின் மீதும் அதற்குரிய எழுத்து தோன்றுவதால், மனப்பாடம் செய்யாமலே வழியைப் படித்துச் செல்ல முடியும். லோட்டஸ் காலத்துச் சாய்கோட்டு விசையும் இதே வேலையைச் செய்கிறது.

ஆகவே புதிய மெனுவுக்குப் பழக விரும்புபவர், எல்லா டேப்களையும் ஒரே நாளில் ஆராய்வதைவிட, தம் அன்றாட வேலையில் உண்மையாகவே பயன்படும் பத்துப் பதினைந்து கட்டளைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் புதிய இடத்தையும் எதிரே குறித்து வைத்துக்கொள்வது பயன்தரும். அவற்றுள் அடிக்கடி தேவைப்படுபவற்றை வலது பொத்தானால் சொடுக்கி, எந்த டேப் திறந்திருந்தாலும் மறையாத விரைவு அணுகல் பட்டையில் சேர்த்துவிடலாம். ரிப்பன் திரையை அடைப்பதாகத் தோன்றினால், கன்ட்ரோல் விசையுடன் எஃப்1 விசையை அழுத்திச் சுருக்கிக்கொள்ளலாம். பெயர் நினைவிருந்து இடம் தெரியாத கட்டளையைத் தேட, 2016 பதிப்பு முதல் ரிப்பனின் மேலேயே தேடல் கட்டம் உள்ளது.

பயனருக்குத் தேர்வுரிமையைத் தரும் மற்றொரு முறையும் உண்டு. கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் 2017இல் ரிப்பனையொத்த அமைப்பைச் சேர்த்தபோது, பழைய மெனுக்களை நீக்காமல், எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பயனருக்கே விட்டது. இரண்டு வடிவங்களையும் பேணும் சுமை அதனால் உருவாக்குபவர்களுக்குக் கூடும் என்றாலும், பழகிய கைக்கு அது தரும் மதிப்பு பெரிது.

ரிப்பன் நிலைத்துவிட்டது, இன்று எக்செல் கற்பவர்களுக்கு அதுவே இயல்பான வடிவம். அதனால் 2007இல் தடுமாறியவர்களின் குறை பொய்யாகிவிடாது. ஃபைல் என்ற சொல் திரும்பி வந்ததே அக்குறையில் நியாயம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. கட்டளைகளின் இடம் பற்றிய நினைவும் தொழில்திறனின் ஒரு பகுதியே என்பதால், மென்பொருளை மாற்றும் நிறுவனங்கள் பழைய பாதைகளை இயன்றவரை திறந்து வைக்க வேண்டும். மாற்றத்தைப் பணியாளர்களிடம் கொண்டுவரும் அலுவலகங்கள், பழகும் நாட்களில் வேலையின் வேகம் குறைவதை ஏற்று, அதற்கான நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். பழகுபவரோ, இடம் மாறியது கட்டளைதானே தவிர, கணக்கைப் பற்றிய தம் அறிவு அன்று என்பதை மனத்தில் இருத்தித் தொடங்கினால் போதும்.