சுண்ணாம்பு கடத்தும் குதிரை

குதிரை சிறுநீர் கழிப்பதைப் பக்கத்தில் நின்று முதன்முதலாகப் பார்ப்பவர் பயந்துபோவார். மஞ்சளாக, கலங்கலாக, கொழகொழவென்று நூல் பிடித்து விழும். மனிதருக்கு இப்படிப் போனால் அன்றே பரிசோதனைக்கூடத்துக்கு ஓட வேண்டும். குதிரைக்கோ இதுதான் ஆரோக்கியம்.

காரணம் கால்சியம். நம் குடல் தேவையைப் பார்த்துத்தான் கால்சியத்தை உறிஞ்சும். குதிரையின் குடலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தீவனத்தில் வந்ததில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். மிஞ்சியதை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. காரத்தன்மையுள்ள சிறுநீரில் அது கால்சியம் கார்பனேட் படிகங்களாகப் பிரிகிறது. சுண்ணாம்புக் கல்லும் முட்டை ஓடும் எதனால் ஆனவையோ, அதே பொருள். இவ்வளவு சுண்ணாம்பை நாள்தோறும் கடத்தும் விலங்குக்குச் சிறுநீர்ப்பைக் கல் அபூர்வமாகத்தான் வருகிறது என்பதே எனக்கு வியப்பு.

வந்துவிட்டால், பெரும்பாலும் ஒரே கல். தட்டையான முட்டை வடிவம், மஞ்சள் கலந்த பச்சை நிறம், மேலெல்லாம் முள். ஓடும்போது பையின் சுவரை அது உரசும். ஓட்டம் முடிந்து கழிக்கும் சிறுநீரில் ரத்தம் தெரியும். மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுத் தடவினாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

எடுப்பதில்தான் ஆண், பெண் பேதம். பெட்டைக் குதிரைக்குச் சிறுநீர்த்தாரை குட்டை, அகலம், நன்றாக விரியும். நிற்கவைத்தபடியே மரத்துப்போக ஊசி போட்டு, கையாலேயே கல்லை எடுத்துவிடுவதுண்டு. ஆணுக்கு அதே குழாய் முக்கால் மீட்டருக்குக் குறையாது, குறுகல் வேறு. கல்லோடு வருபவை பெரும்பாலும் ஆண்கள், அதிலும் காயடித்தவை.

வயிற்றைக் கீறினால் கல் முழுசாக வரும். ஆனால் அரை டன் விலங்கைப் படுக்கவைத்து முழு மயக்கம் கொடுப்பது விளையாட்டல்ல. சொந்த எடையே நுரையீரலையும் தசையையும் நசுக்கும். விழித்தெழும் தடுமாற்றத்தில் கால் முறிந்துபோவதும் உண்டு. அதனால் நிற்கவைத்தே, வாலுக்குக் கீழே சிறு திறப்பு செய்து, எண்டோஸ்கோப்பும் லேசரும் செலுத்தி உடைப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கப் பயங்கரமான முள்கல் சுலபமாக நொறுங்கிவிடும். இன்னொரு வகையான, வழுவழுப்பான வெள்ளைக் கல்தான் முரண்டு பிடிக்கும். துணுக்கு ஒன்றுகூடத் தங்காமல் கழுவ வேண்டும். மிச்சம் அடுத்த கல்லுக்கு வித்து. பிறகு கால்சியம் மிகுந்த குதிரைமசால் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவார்கள். உப்பு சேர்த்துத் தண்ணீர் நிறையக் குடிக்கவைப்பார்கள்.

குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: தரையில் விழுந்து சற்று நேரம் கழித்துச் செம்பழுப்பாகும் சிறுநீரைக் கண்டு பதற வேண்டாம். காற்றுப் பட்டால் அப்படி நிறம் மாறுவதுண்டு. வெளியே வரும்போதே சிவந்திருந்தால், அதுவும் ஓட்டத்துக்குப் பின் என்றால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.