நிழல் விழுற சந்துல தோட்டம்: வருஷா வருஷம் செடி வாங்குறதை முதல்ல நிறுத்துங்க



நீங்க இருக்கிறது கிரவுண்ட் ஃப்ளோர் வாடகை வீடா? வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல மூணு அடி அகலத்துல ஒரு சந்து இருக்கும். பக்கத்து அப்பார்ட்மென்ட்டோட நிழல் நாள் முழுக்க அங்கேதான். சம்பளம் வந்த வாரம் நர்சரிக்குப் போறோம். பூத்து நிக்குற ரோஜா, சாமந்தி, பெட்டூனியானு கண்ணுல பட்டதை வாங்கிட்டு வர்றோம். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ரோஜா மொட்டே வைக்கலை, மத்தது காஞ்சு போச்சு. "எனக்குக் கை ராசி இல்லை"ன்னு முடிவு பண்ணிடுறோம்.

கை ராசி எல்லாம் ஒண்ணுமில்லை. ரோஜா நல்லா பூக்க தினமும் சுமார் ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேணும். உங்க சந்துல அது கிடையாது, அவ்வளவுதான்.

இதோட செலவைப் பார்ப்போம். ஒரு தடவைக்கு ரூ.600, வருஷத்துக்கு மூணு தடவைன்னு வெச்சுக்கங்க. வருஷத்துக்கு ரூ.1,800, மூணு வருஷத்துல ரூ.5,400. கடைசியில கையில நிக்குறது காலித் தொட்டிங்க மட்டும்தான். அதே ரூ.1,800-ஐ ஒரே ஒரு தடவை, நிழல்லயே பல வருஷம் வாழ்ந்து தானா பக்கக்கன்று விடுற செடிங்கள்ல போட்டா ரெண்டாவது வருஷத்துல இருந்து செடிக்குச் செலவே கிட்டத்தட்ட இருக்காது.

வாங்குறதுக்கு முன்னாடி பைசா செலவில்லாத ஒரு டெஸ்ட் பண்ணுங்க. மதியம் பன்னிரண்டு மணிக்குச் செடி வைக்கப்போற இடத்துல ஒரு வெள்ளைப் பேப்பரை வெச்சு, ஒரு அடி உயரத்துல கையைக் காட்டுங்க. நிழல் விளிம்பு தெளிவா விழுந்தா நல்ல வெளிச்சம். மங்கலா விழுந்தா நடுத்தரம். பெரும்பாலான நிழல் செடிங்களுக்கு இது போதும். நிழலே தெரியலைன்னா ஸ்னேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட் மாதிரி ரொம்ப சில செடிங்கதான் தாக்குப் பிடிக்கும். அதுங்களும் அங்கே சாகாம இருக்கும், பெருசா வளராது.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. சென்னையில ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் மதிய சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும். அதனால வருஷம் பூரா நிழல்னு நீங்க நினைக்கிற வடக்குப் பக்கச் சந்துல, சரியா அக்னி நட்சத்திரம் சமயத்துல வெயில் இறங்கும். டிசம்பர்ல வாங்கி வெச்ச பீஸ் லில்லி மே மாசம் இலை கருகுறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த மூணு நாலு மாசம் தொட்டியைச் சுவர் ஓரமா நகர்த்தினாலே போதும். தரையில நடாம தொட்டியிலயே வைங்கன்னு நான் சொல்றது இதுக்காகவும்தான்.

சரி, என்ன வாங்கலாம்? என் லிஸ்ட் ரொம்பச் சின்னது. பின் வரிசைக்கு உயரமா ஸ்னேக் பிளான்ட். நடுவுல பீஸ் லில்லி. அது தண்ணி வேணும்னா இலையைத் தொங்கப் போட்டுச் சொல்லிடும், ஆபீஸ் போறவங்களுக்கு ரொம்ப வசதி. முன்னாடி ஸ்பைடர் பிளான்ட். கொடி மாதிரி நீட்டி அது விடுற குட்டிங்களை எடுத்து அப்படியே நடலாம். துணி துவைக்கிற குழாய் பக்கம் எப்பவும் ஈரமா இருந்தா அங்கே ஃபெர்ன். சுவர்ல ஏத்த வெற்றிலைக்கொடி. நம்ம ஊர் கொடிக்கால்ல அதை அகத்தி நிழல்லதானே வளர்க்குறாங்க? சமையலறைக் கதவு பக்கத்துல வெச்சா அம்மாவும் சந்தோஷப்படுவாங்க. மண்ணு ஈரமா இருக்கலாம், தண்ணி மட்டும் தேங்கக் கூடாது.

நர்சரியில உயரத்தைப் பார்க்காதீங்க, அடிப்பகுதியைப் பாருங்க. ஒரே விலையில ரெண்டு ஸ்னேக் பிளான்ட் இருக்கு, ஒண்ணு உயரமா ஒத்தையா நிக்குது, இன்னொண்ணு குட்டையா நாலு முளையோட இருக்கு. ரெண்டாவதை எடுங்க. பிரிச்சு வெச்சா அது நாலு தொட்டி. ஆனா மஞ்சள் கரை போட்ட வகையா இருந்தா வேரோட பிரிச்சுதான் நடணும். இலையை வெட்டி நட்டா வர்ற புதுச் செடியில அந்த மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சைதான்.

அடுக்குற விஷயத்துக்கு வருவோம். ஒன்பது வகையில ஒண்ணொண்ணு வாங்கினா சந்து நர்சரி கடை மாதிரி ஆகிடும். மூணு வகை, ஒவ்வொண்ணும் மூணு தொட்டி. கண்ணுக்கும் நல்லா இருக்கும், தண்ணி ஊத்துறதும் குழப்பமில்லை. அதிகத் தண்ணி குடிக்கிற ஃபெர்னையும் காஞ்சு கிடக்க விரும்புற ஸ்னேக் பிளான்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. மண்டபத்துல சாம்பார் ஊத்துற மாதிரி வரிசையா ஊத்திட்டே போவீங்க, ஸ்னேக் பிளான்ட் அழுகிடும். நிழல்ல மண்ணு மெதுவாத்தான் காயும். அதனாலதான் சின்னச் செடிக்குப் பெரிய தொட்டியும் வேண்டாம். தொட்டிங்களுக்கு நடுவுல அரை அடி இடம் விடுங்க. முதல் மாசம் வெறிச்சோடித் தெரியும்தான், பொறுத்துக்கங்க, அடுத்த வருஷம் நிரம்பிடும். ஏசி அவுட்டோர் யூனிட்டோட சூடான காத்து அடிக்கிற இடத்துல எதையும் வைக்காதீங்க.

வீட்டுல தவழுற குழந்தையோ பூனையோ இருந்தா பீஸ் லில்லியும் மணி பிளான்ட்டும் எட்டாத இடத்துல இருக்கட்டும். மென்னா வாய் எரியும். ஸ்னேக் பிளான்ட்டும் வாயில போடற செடி இல்லை. ஸ்பைடர் பிளான்ட் பிரச்சினை இல்லை.

வாடகை வீட்டுக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. சுவரை ஒட்டி வெச்ச தொட்டியால ஈரக்கறை படிஞ்சா, காலி பண்றப்போ பெயின்ட் செலவுன்னு அட்வான்ஸ்ல கை வைப்பாங்க. ஒரு சாண் தள்ளி வைங்க, அடியில தட்டு வைங்க. தட்டுல நிக்குற தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டிடுங்க, இல்லைன்னா கொசு.

அரிய வகைச் செடி வாங்கி வளர்த்து வித்தா லாபம்னு சில ரீல்ஸ் சுத்துது. நான் அந்தப் பக்கமே போகலை. செடிக்குப் போற காசை ஆசைச் செலவு கணக்குலயே எழுதுங்க, முதலீட்டுக் கணக்குல வேண்டாம்.

இப்ப வாங்குற செடியைப் பிரிக்க நல்ல நேரம் அடுத்த ஆகஸ்ட், செப்டம்பர். வெயில் குறைஞ்சிருக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது. பழைய பெயின்ட் டப்பாவை அடியில ஓட்டை போட்டு இப்பவே எடுத்து வைங்க. எப்படிப் பிரிக்கிறதுன்னு அப்போ வீடியோவுல காட்டறேன்.