‘ஆஜானுபாகு’வின் கை எங்கே தொடும், தெரியுமா?

கல்யாண மண்டபத்தில் ஒருவர் நுழைகிறார். வாசலே மறைந்துபோகிறது. “யாருப்பா அது, ஆஜானுபாகுவா வர்றாரு?” என்று பின்வரிசையில் விசாரணை தொடங்கிவிடும். சரி, ஆஜானுபாகு என்றால் என்ன? உயரமா, அகலமா? இரண்டும் இல்லை! ‘ஜானு’ முழங்கால், ‘பாகு’ கை. நிமிர்ந்து நிற்கும்போது, குனியாமலேயே விரல்கள் முழங்காலைத் தொடவேண்டும். அவர்தான் அசல் ஆஜானுபாகு! இப்போதே எழுந்து நின்று பாருங்கள். பாதித் தொடையோடு கை நின்றுவிட்டதா? கவலையே வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். ராமனுக்குச் சொன்ன வர்ணனை அது. புத்தருக்குச் சொல்லப்படும் 32 மகாபுருஷ லட்சணங்களிலும் இந்த நீண்ட கை உண்டு. அதைத்தான் நாம் ஆறடி உயரத்தில் யாரைப் பார்த்தாலும் எடுத்து வீசுகிறோம்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் புறநானூற்றின் 14-ஆம் பாட்டில் இருக்கிறது. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன், கபிலரின் கையைப் பிடித்துப் பார்க்கிறான். “என்ன இவ்வளவு மெத்தென்று இருக்கிறது உங்கள் கை?” என்று வியக்கிறான். வேறு யாராவது என்றால் நெளிந்திருப்பார்கள். கபிலர் என்ன செய்தார் தெரியுமா? அங்கேயே ஒரு பாட்டு! யானையை அங்குசத்தால் அடக்குகிறாய், பாய்கிற குதிரையைக் கடிவாளம் இழுத்து நிறுத்துகிறாய், வில்லின் நாணை இழுத்து இழுத்துத் தழும்பேற்றிக்கொள்கிறாய், வருகிறவர்களுக்கெல்லாம் வாரி வேறு கொடுக்கிறாய். காலைத் தொடும் உன் நீண்ட கை வலுவாகத்தானே இருக்கும்? உன்னைப் பாடுகிற எங்களுக்கோ கறியும் சோறும் தின்று களைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால் எங்கள் கை மெத்தென்று இருக்கிறது என்று முடித்துவிட்டார். ஒரே பாட்டில் அரசனின் உடல்வலுவுக்கும் புகழ்ச்சி, அவன் வீட்டுச் சாப்பாட்டுக்கும் புகழ்ச்சி! ஜிம்முக்குப் போகாததற்கு இதைவிட நல்ல சாக்கை யாரும் இதுவரை சொன்னதில்லை.

அடுத்தது ‘திடகாத்திரம்’. “தொண்ணூறு வயசு, இன்னும் திடகாத்திரமா இருக்கார்” என்று தாத்தாக்களுக்கென்றே எடுத்துவைத்த சொல். காத்திரம் என்றால் உடம்பு, உறுப்பு. திடமான உடம்பு, அவ்வளவுதான். ஆனால் இலங்கைத் தமிழர்கள் அதில் பாதியை மட்டும் பிய்த்தெடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? “காத்திரமான விமர்சனம்”, “காத்திரமான பங்களிப்பு”! அங்கே ஒரு கட்டுரைக்கே உடற்கட்டு வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது. சோப்ளாங்கிக் கட்டுரைகள் ஏராளமாக உலவுகிற காலத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் உடனே கடன் வாங்கவேண்டியது.

‘கட்டுமஸ்தான’ ஆளுக்குள்ளே ஒரு யானை இருக்கிறது! மஸ்து என்பது உருது வழியாக வந்த சொல். போதை, மதம் என்று பொருள். ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சுரப்பி கசிந்து, வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் நிலைகொள்ளாமல் தவிக்கிறதே, அந்த மஸ்தும் இந்த மஸ்தும் ஒன்றே. எட்டிப் போய்விட வேண்டிய யானையின் நிலை, மனிதனுக்குப் பாராட்டாகிவிட்டது!

பயில்வான்? நித்தமும் பயிற்சி செய்கிறவன், பயில்கிறவன், அதனால் பயில்வான் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? இல்லவே இல்லை. பாரசீகத்துப் பஹ்லவான் அவன். அதற்கும் பின்னால் போனால் ஈரானை ஆண்ட பார்த்தியர்களின் பெயரில் போய் முட்டும். தமிழ்க் காது அதை வாங்கி, நமக்குத் தெரிந்த ‘பயில்’ போலவே ஒலிக்கும்படி தட்டிக்கொட்டிக்கொண்டது. அதற்கெல்லாம் முன்பே நம்மிடம் மல்லன் இருந்தான். வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன், அதாவது பெரும் மற்போர் வீரன். மாமல்லபுரம் அவன் பெயரால் வந்தது. நீங்கள் சுற்றுலா போய்ப் படமெடுத்துத் திரும்புவது ஒரு பயில்வானின் பெயர்கொண்ட ஊருக்கு!

சினிமாத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரைத் தெரியும். அந்த ‘சாண்டோ’ யார்? யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பலசாலி. 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் உடற்கட்டுப் போட்டி நடத்தியபோது நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயில்! அந்த சாண்டோவின் பெயர்தான் கோயம்புத்தூர் பயில்வான் ஒருவருக்கு அடைமொழியாகி, தமிழ் சினிமாவின் டைட்டில் கார்டு வரை வந்தது.

“இரும்பு உடம்புப்பா அவனுக்கு!” உடம்பில் இரும்பு மொத்தம் எவ்வளவு? 3 முதல் 4 கிராம். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிக்ஸ் பேக்? உங்களுக்கும் இருக்கிறது, மேலே கொழுப்பு போர்த்தியிருக்கிறது. அது ஆறா, நாலா, எட்டா என்பது பிறவியிலேயே முடிவாகிவிடும். நாலோடு பிறந்தவர் தலைகீழாக நின்று தண்டால் எடுத்தாலும் ஆறாகாது!

தென்மாவட்டத்துக் கிராமங்களில் இந்த அடைமொழிகளுக்கெல்லாம் ஒரு பரீட்சையே இருந்தது. இளவட்டக்கல்! ஊர்ப் பொதுவிடத்தில் உருண்டையாக, வழவழவென்று கிடக்கும். பிடிமானம் கிடையாது, அதுதான் சூட்சுமம். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப்பிடித்து, முதலில் முழங்காலுக்கு ஏற்றவேண்டும். அங்கே ஒரு மூச்சு. பிறகு தொடை, வயிறு, நெஞ்சு என்று உடம்போடு ஒட்டி உருட்டியபடியே எழவேண்டும். நெஞ்சிலிருந்து தோளுக்குப் போகிற அந்த ஒரு சாண் தூரத்தில்தான் பலபேர் கல்லைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். தோளில் ஏறியதும் அப்படியே முதுகுப்பக்கம் தள்ளிவிட வேண்டும், ‘தொம்’மென்று. கல்யாணக்கல் என்றும் அதற்குப் பெயர் உண்டு. தூக்கினவனுக்குத்தான் பெண் என்ற வழக்கத்தால் வந்தது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றைக்கும் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள்! மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவும்.

இப்போது அந்தப் பரீட்சை அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்களின் மார்பளவு 81 செ.மீ. இருந்தால் போதாது, மூச்சை இழுத்தால் மேலும் 5 செ.மீ. விரியவேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவும் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ‘வாட்டசாட்டமான’ என்ற சொல்லை அந்தக் காவலருக்குப் பத்திரிகைகள் அவ்வளவாகக் கொடுப்பதில்லை. “காரில் இருந்து வாட்டசாட்டமான நான்கு பேர் இறங்கினர்” என்று படித்தால் அடுத்த வரியில் கடத்தல்தான்! ‘ஓங்குதாங்கான’ ஆளுக்கு இந்தச் சந்தேகம் கிடையாது, அவர் எப்போதும் நம் சொந்தக்காரர். ‘கிண்ணுன்னு’ இருப்பது வயதானவர்களுக்கு. ‘தாட்டியான’ என்றால் பெரும்பாலும் ஒரு பெரியம்மா, ஒரு கையில் தண்ணீர்க் குடத்தோடு. பையன்களுக்கு ‘ஆர்ம்ஸ்’. ஆங்கிலத்தில் அது முழுக் கை, தமிழ்நாட்டில் புஜத்தில் புடைக்கிற ஒரு முண்டு மட்டும்!

எல்லாவற்றிலும் அதிசயம் ‘கெட்டி’. உடம்பு கெட்டி என்றால் பலசாலி. ஆயுசு கெட்டி என்றால் விபத்தில் தப்பித்தவர். கை கெட்டி என்றால் கஞ்சன். கெட்டிக்காரன் என்றாலோ சட்டென்று மூளைக்குத் தாவிவிடுகிறது, அவன் ஒல்லிப்பிச்சானாக இருந்தாலும் பரவாயில்லை!

இத்தனை புகழ்ச்சியும் ஒருபக்கம் இருக்க, பனியனோடு கண்ணாடி முன்னால் நிற்கிற தம்பியைப் பார்த்து எந்த அக்காவும் திடகாத்திரம் என்றோ கட்டுமஸ்து என்றோ சொன்னதில்லை. “வந்துட்டாருடா, புல் தடுக்கிப் பயில்வான்!”