சாவியை எடுத்த பிறகும் ஸ்டார்ட் ஆகும் என்ஜின்! வீட்டில் கட்டும் விமானங்களில் ப்ரொப்பெல்லர் ஏன் ஆபத்து?

அமெரிக்காவில் ஒருத்தர் தன் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டலாம், சட்டப்படி ஓட்டவும் செய்யலாம். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர் கைகளால் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். '51 சதவீத விதி' என்று இதைச் சொல்வார்கள். இந்த ஆர்வலர்களுக்காக 1953-ல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், விஸ்கான்சின் மாகாணத்தின் ஆஷ்காஷ் நகரில் வருடா வருடம் பெரிய விமானத் திருவிழாவே நடத்துகிறது.

இப்படி ஒரு விமானம் என்றதும் 'வானத்துல போகும்போது என்ஜின் நின்னா என்ன ஆகும்?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் தரையில் நிற்கும்போதே ஆளைக் கொல்லக்கூடிய பாகம் ஒன்று மூக்கிலேயே இருக்கிறது. அதுதான் ப்ரொப்பெல்லர்.

எவ்வளவு வேகம்?

72 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்கு சுமார் 930 கி.மீ. வேகத்தில் போகும். பயணிகள் ஜெட் விமானம் பறக்கும் வேகம் அது. சுழலும்போது தகடு கண்ணுக்கே தெரியாது, மங்கலான வட்டம் மாதிரிதான் இருக்கும். விமானத்தை விட்டு இறங்கி முன்பக்கமாக நடந்து போகிறவர்கள் அடிபடுவது இதனால்தான்.

சாவியை எடுத்தாச்சே, அப்புறம் எப்படி?

இங்கதான் சிக்கல். பல சிறிய விமான என்ஜின்களில் தீப்பொறி மேக்னெட்டோவில் இருந்து வருகிறது. அதற்கு பேட்டரி தேவையே இல்லை. பேட்டரி செத்துப்போன பழைய டூவீலர் ஒரு உதையில் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

காரில் சாவியை ஆஃப் செய்தால் கரண்ட் துண்டிக்கப்படும். மேக்னெட்டோவில் இது தலைகீழ். சுவிட்சை ஆஃப் செய்தால் ஒரு ஒயர் வழியாக அது 'எர்த்' ஆகிறது, அதனால்தான் தீப்பொறி நிற்கிறது. அந்த ஒரு ஒயர் அறுந்துபோனால்? சுவிட்ச் ஆஃப், சாவி பாக்கெட்டில், ஆனால் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்து, யாராவது ப்ரொப்பெல்லரை லேசாகத் தள்ளினாலே என்ஜின் ஒரு சுற்று சுற்றிவிடலாம். கையால் மெதுவாகச் சுற்றினாலும் பொறி வர வேண்டும் என்பதற்காகவே பல மேக்னெட்டோக்களில் ஸ்பிரிங் இணைப்பு ஒன்று இருக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது அந்த ஸ்பிரிங்தான்.

கம்பெனி விமானத்திலும் ஒயர் அறுந்துபோகும். ஆனால் ஹோம்பில்ட்டில் அந்த ஒயரை மாட்டியவர் உரிமையாளரே. தகுதிச் சான்று வாங்கிவிட்டால் வருடாந்திர சோதனையையும் அவரே செய்துகொள்ளலாம். சோதிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. என்ஜின் ஐடிலில் ஓடும்போது சுவிட்சை ஒரு நொடி ஆஃப் செய்து பார்க்க வேண்டும். என்ஜின் அடங்கவில்லை என்றால் ஒயர் போச்சு. அதனால்தான் அனுபவசாலிகள் எந்த ப்ரொப்பெல்லரையும் 'லோடு செய்த துப்பாக்கி' மாதிரியே நினைத்துக்கொள்வார்கள்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லாத விமானங்களை கையால்தான் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும். தெரிந்த ஆள் ஒருவர் காக்பிட்டில் பிரேக்கை மிதித்தபடி இருக்கணும், சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைக்கணும், வாலைக் கட்டிப்போடணும். 'தனியா பாத்துக்கலாம்' என்று இறங்கியவர்களின் விமானம், த்ராட்டில் அதிகமாக இருந்ததால் ஆளில்லாமலே ஓடிப்போன சம்பவங்கள் உண்டு.

மரமா, உலோகமா?

மர ப்ரொப்பெல்லர் மழைக்காலத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும். சுருங்கினால் போல்ட் பிடி தளரும். மரம் உலோகத்தில் உரசிக் கருகி, கடைசியில் போல்ட்டே முறியலாம். அதனால் சீசன் மாறும்போதெல்லாம் முறுக்கு அளவைச் சரிபார்க்கணும்.

உலோகத்துக்கு வேறு பிரச்சினை. கல் தெறித்து விழுந்த சின்ன வடு, விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். மேலே சொன்ன வேகத்தில் நுனியில் இருக்கும் 1 கிராம் உலோகம்கூட 7 கிலோவுக்கு மேல் எடை தொங்குவது போல வெளியே இழுக்கும். தகட்டின் ஒரு துண்டு பறந்துபோனால், மீதி தகடு சமநிலை இல்லாமல் உதறி, என்ஜினையே தாங்கியிலிருந்து பிய்த்துவிடக்கூடும். மூக்கின் எடை போன விமானத்தை அடக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

என்ஜினும் ப்ரொப்பெல்லரும் பொருந்தாத ஜோடியாக இருந்தாலும் அதிர்வு வரும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதற்கு வழக்கமாக வைக்கும் கணக்கு இது: சான்று பெற்ற ஜோடி என்றால் முதல் 25 மணி நேரம் சோதனைப் பறப்பு, இல்லையென்றால் 40 மணி நேரம். அதுவரை குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும்தான் பறக்கணும், சும்மா கூட வரும் பயணிகளுக்கு அனுமதி கிடையாது.