நாயகம் (ஸல்) அவர்கள் நேசித்த நறுமணம்

கோவை ஒப்பணக்காரர் வீதியில் நடந்து செல்லும் எவரும், துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே மினாரா உயர்ந்து நிற்கும் ஒரு பள்ளிவாசலைக் காணாமல் கடக்க முடியாது. அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல் என்பது அதன் திருப்பெயர். அத்தர் வணிகம் செய்துவந்த ராவுத்தர் பெருமக்கள் எழுப்பிய அந்த இறையில்லம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மன்னர் பெயரால், வள்ளல் பெயரால், இறைநேசர் பெயரால் அமைந்த பள்ளிகள் நம் நாட்டிலே பல உள. ஆனால், குப்பியிலே அடைத்துத் துளித்துளியாக விற்கும் ஒரு வாசனைப் பொருளின் பெயரைத் தாங்கி ஓர் இறையில்லம் நிற்பது அரிதினும் அரிது. அவ்வழியே செல்லும்போதெல்லாம், எத்தனை தோலா அத்தர் விற்ற இலாபத்தில் இந்தச் சுவர்கள் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பேன்.

வாசக அன்பர்களே! அத்தர் என்றதும் இக்காலத்து இளைஞர் சிலர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். அது கிழவர்களின் வாசனை என்பது அவர்கள் எண்ணம். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நல்ல அத்தரை அவர்கள் நுகர்ந்ததில்லை, அவ்வளவே.

என் இளமையில், பெருநாள் காலையில், என் தந்தையார் புத்தாடை உடுத்தி முடித்ததும் மரப்பேழையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுப்பார்கள். அதன் கண்ணாடி மூடியின் நுனியில் ஒட்டிய துளியை எங்கள் மணிக்கட்டிலே தடவுவார்கள். பின்னர் ஒரு பஞ்சுத் துணுக்கை நனைத்துத் தம் காதுமடலின் மடிப்பிலே செருகிக் கொள்வார்கள். அந்தப் பஞ்சு காய்ந்த பிறகும் எறியப்படமாட்டாது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளின் நடுவே போய்ச் சேரும். அடுத்த பெருநாள் வரை அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பெருநாள் வாசம் வீசும்.

தெளிக்கும் சென்ட் முதல் நாழிகையிலேயே தன் வலிமையெல்லாம் காட்டிவிட்டு மறைந்துவிடும். எண்ணெய் அத்தரோ உடற்சூட்டில் மெல்ல இளகுவது. தடவியபோது ஒரு மணம். லுஹர் கழிந்தபின் வேறொரு மணம். இரவு உறங்கப் போகும்போது சட்டையின் கைம்மடிப்பிலே மற்றொரு மணம். சித்திரை வெயிலுக்கு வெட்டிவேர் அத்தரைப் போல் இதம் தருவது வேறில்லை என்பது என் அனுபவம். மார்கழிப் பனிக்கு ஹினாவும் ஊதும் ஏற்றவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் ஆனி ஆடியில் எதைத் தடவினாலும் அதில் பாதியைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்! மண்ணையே வடித்தெடுக்கும் ஓர் அத்தர் உண்டு. முதல் மழை விழுந்த புழுதியின் மணத்தை அப்படியே குப்பியில் கொண்டுவருவது அது. அதை முதன்முதலாக நுகர்ந்தபோது, நாம் எதிலிருந்து படைக்கப்பட்டோம் என்று திருமறை நினைவூட்டுகிறதோ அந்த மண் நெஞ்சில் வந்து நின்றது.

இந்த அத்தர்களின் தாயகம் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரம். அங்கே செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, விறகு எரித்து வடிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் மற்றொரு செம்பிலே குளிர்கிறது. அந்தச் செம்பிலே முன்கூட்டியே இருப்பது சந்தன எண்ணெய். மலரின் மணத்தை அது பருகிக்கொள்ளும். மறுநாள் புதிய மலர், மறுபடியும் வடிப்பு. எண்ணெய் நிறைய மணம் ஏறும் வரை நாள்கணக்கில் இது தொடரும். ஆகவே, பழைய முறையில் செய்த ரோஜா அத்தரானாலும் மல்லிகை அத்தரானாலும் அடியிலே இருப்பது சந்தனமே. அந்தச் சந்தன மரத்துக்குப் பேர்பெற்றவை நம் சத்தியமங்கலத்து மலைகள். அதே சத்தியமங்கலம் மல்லிகைக்கும் பேர்பெற்றது. மணமும் மணத்தைத் தாங்கும் எண்ணெயும் ஒருங்கே விளையும் மண் நம் கொங்கு மண். நம் அண்டை வீட்டு இந்து சகோதரர்களின் திருமண வாசலிலும் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் நம்மை வரவேற்கின்றன அன்றோ?

நறுமணத்தின்மீது நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இருந்த நேசம் நாடறிந்தது. இவ்வுலகில் தமக்கு விருப்பமாக்கப்பட்டவற்றுள் நறுமணத்தையும் சேர்த்துச் சொல்லி, தம் கண்குளிர்ச்சி தொழுகையிலே இருப்பதாக அவர்கள் அறிவித்ததை நஸாயீ கிரந்தத்தில் காண்கிறோம். அவர்களது திருமேனியின் மணத்தைவிட இனிய மணம் எதையும் தாம் நுகர்ந்ததில்லை என்று பத்தாண்டுகள் பணிவிடை புரிந்த அனஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். யாரேனும் நறுமணம் தந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்பதையும் அவர்களே அறிவிக்கிறார்கள். நல்ல தோழனுக்குக் கஸ்தூரி விற்பவனை உவமை காட்டியதும் நாயகம் (ஸல்) அவர்களே. அவன் தந்தாலும் தரலாம். நாம் விலைக்கு வாங்கினாலும் வாங்கலாம். ஒன்றுமில்லாவிடினும் அவன் அருகில் இருந்த மணமாவது நமக்குக் கிட்டும்.

கஸ்தூரி என்றதும் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கஸ்தூரி மானை வேட்டையாடுவதைத் தடுத்துள்ளது. ஆகவே, கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கஸ்தூரி என்று விற்பது ஆலையிலே செய்த இரசாயன மணம் என்று கொள்க. ஊத் எனப்படும் அகிலின் கதையும் ஏறத்தாழ அதுவே. அஸ்ஸாம் காடுகளில் வளரும் அம்மரத்தில், பூஞ்சணம் பற்றிப் புண்பட்ட பகுதியிலேதான் கரிய பிசின் ஊறி மணம் பிறக்கிறது. நோயில்லாத மரத்துக்கு மணமில்லை! அத்தகைய அரும்பொருள் மலிவாக எவ்வாறு கிடைக்கும்? சந்தன எண்ணெய் விலை ஏறிவிட்டதால் இன்று பல அத்தர்களுக்குப் பாரஃபின் எண்ணெயே அடி. இரசாயன மணம் விற்பது குற்றமன்று. அதைக் கலப்பற்ற சந்தனம் என்று சொல்லி விற்பதே குற்றம். தானியக் குவியலுக்குள் திருக்கரத்தை நுழைத்து, உள்ளிருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த கடைவீதிச் செய்தியை அத்தர் கடைக்காரர்களும் நினைவில் கொள்வார்களாக. சென்ட்டில் சேரும் ஆல்கஹால் பற்றி ஆலிம்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அதை விரிக்க இஃது இடமன்று.

மலிவான இரசாயன ரோஜா அத்தர் எனக்கு ஒவ்வாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரை நாழிகையில் தலைவலி வந்துவிடும்.

ஜும்ஆ நாளில் குளித்து, உள்ளதில் நல்ல ஆடை உடுத்தி, எண்ணெயும் நறுமணமும் பூசி வருவதன் சிறப்பை நீங்கள் பல பயான்களில் கேட்டிருப்பீர்கள். வீட்டில் இருக்கும் மணப்பொருள் மனைவியுடையதாயினும் அதைப் பூசி வரலாம் என்னும் அளவுக்கு நபிமொழி இதை வலியுறுத்துகிறது. ஆனால், இந்தச் சுன்னத்து எங்ஙனம் தோன்றிற்று என்பதை நான் உள்ளபடி உணர்ந்தது மதரஸாவில் அன்று. ஒரு பெரும் பிழை செய்த பிறகே.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். ஈரோட்டுத் தோல் வணிகம் நீங்கள் அறிந்ததே. உப்பிட்ட பச்சைத் தோல் கிடங்குகளின் அருகே சென்றவர்களுக்கு அந்த நெடி மறவாது. ஒரு வெள்ளியன்று, பூண்டும் வெங்காயமும் உண்டவர்கள் பள்ளியை நெருங்க வேண்டாம் எனும் நபிமொழியை விளக்கிப் பேசினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இளமைத் துடுக்கிலே, உடையிலும் உடலிலும் நாற்றத்தோடு வந்து பிறர் தொழுகையைக் கெடுப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். முதல் வரிசையில் சிலர் தலையசைத்தனர். அவர்களது ஜிப்பாவிலே ஊத் கமழ்ந்தது.

அடுத்த வெள்ளி, கடைசி வரிசையில் தூணோரம் வழக்கமாக நிற்கும் ஒருவரைக் காணவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. பள்ளி வாசலில் பெட்டி பரப்பி அத்தர் விற்கும் முதியவர் ஒருவர்தாம் என்னைத் தனியே அழைத்தார்.

"ஹஜ்ரத், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்குப் பயான் முடிஞ்சதும் அந்த ஆளு என்கிட்ட வந்தாருங்க. கைய நீட்டி, வாசம் அடிக்குதான்னு மோந்து பாக்கச் சொன்னாருங்க. தோல் சுமக்கிற கைங்க அது. நான் என்னத்தைச் சொல்றது?"

அன்றிரவு அபூதாவூத் கிரந்தத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக் குளிப்புப் பற்றி இராக் நாட்டவர் சிலர் கேட்டபோது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதன் தொடக்கத்தை விளக்கும் ஹதீஸ் அங்கே உள்ளது. மக்கள் வறியவர்களாக இருந்தார்கள். கம்பளி உடுத்தி, முதுகிலே சுமை சுமந்து உழைத்தார்கள். பள்ளியோ இடம் குறுகி, கூரை தாழ்ந்திருந்தது. வெப்பம் மிக்க ஒரு நாளிலே கம்பளியில் வியர்வை ஊறி, ஒருவர் மணம் மற்றவருக்குத் தொல்லையாயிற்று. அதை உணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், இந்நாள் வந்தால் குளித்து வருமாறும், உள்ளதில் சிறந்த எண்ணெயையும் நறுமணத்தையும் பூசி வருமாறும் ஏவினார்கள். மதரஸாவில் இதை ஓதி, தேர்வும் எழுதியவன் நான். சுமை தூக்கிய முதுகுகளின் வியர்வையிலிருந்தே இந்தச் சுன்னத்து பிறந்தது என்பது அன்றிரவுதான் கண்ணில் பட்டது. அந்தத் தோழர்களை எவரும் வாசலில் நிறுத்தவில்லை. அவர்கள் வர வேண்டும் என்பதற்காகவே குளிப்பும் மணமும் ஏவப்பட்டன. வெங்காயத்தை உண்ணாமல் இருக்க ஒருவனால் முடியும். தோல் சுமப்பவன் வெள்ளியன்று மட்டும் வேறு கைகளை எங்கே வாங்குவான்?

மறுநாள் கிடங்குக்குச் சென்றேன். என்னைக் கண்டதும் அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். "குளிச்சாலும் போகமாட்டேங்குதுங்க ஹஜ்ரத்" என்றாரே தவிர வேறொன்றும் பேசவில்லை. பின்னர் முதல் வரிசையில் நின்ற தோல் முதலாளிகள் மூவரைக் கண்டு, வெள்ளிதோறும் தொழுகைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சுமைக்காரர்களை விட்டால் குளித்து வருவார்களே என்று வேண்டினேன். ஒருவர் உடனே இசைந்தார். ஒருவர் பார்க்கலாம் என்றார், இறுதிவரை பார்க்கவில்லை. மற்றவர், பயானோடு நிற்கும்படி எனக்கு அறிவுரை நல்கினார். அந்த வெள்ளி, மிம்பரில் நின்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் ஹதீஸை முழுவதும் சொல்லி, முன்னர் நான் பேசியது பிழை என்றும் சொன்னேன். நறுமணம் தரப்பட்டால் மறுக்கலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லி, குப்பி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு துளி தடவுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வாசலில் இருந்த முதியவர் அன்று தம் பெட்டியிலிருந்து பலருக்கு விலையின்றித் தடவினார் எனப் பிறகு அறிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். தலை ஈரமாக இருந்தது. கடைசி வரிசையில், அதே தூணோரம் தொழுதார். தொழுகை முடிந்து நான் வெளியே வரும்போது செருப்பு வைக்குமிடத்தில் காத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து, "கையை நீட்டுங்க ஹஜ்ரத்" என்றார். மூடியைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரசாயன ரோஜா.

மறுக்கலாகாது என்று மிம்பரில் சொன்னவன் நானன்றோ? கையை நீட்டினேன். ஒரு துளி போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்; இரு மணிக்கட்டிலும் தடவி, எஞ்சியதை என் ஜிப்பாவின் மார்பிலும் துடைத்துவிட்டார். அஸர் வரை அந்த மணம் போகவில்லை.