தட்டிக் கேட்கும் நகரம்

வட இத்தாலியில் இருக்கும் பார்மாவுக்குப் போகிறவர்களைக் கண்தான் முதலில் இழுத்துக்கொண்டு போகும். 1196-இல் கட்டத் தொடங்கிய எண்கோண ஞானஸ்நான மண்டபம் வெரோனாவின் இளஞ்சிவப்புச் சலவைக்கல்லை உடுத்தி நிற்கிறது. பக்கத்துப் பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தால், கூரை கரைந்து வானம் சுழல்வது போல இருக்கும். கொரேஜ்ஜோ 1530 வாக்கில் முடித்த ஓவியம் அது. ஆனால் எனக்கு இந்த ஊரின் பெரிய அதிசயம் அதன் காதுதான்.

நகரத்தைச் சுற்றியுள்ள சீஸ் கிடங்குகளில் ஒன்றுக்குள் நுழைந்தால் தரையிலிருந்து கூரைவரை பலகைகள், பலகை முழுக்கப் பொன்னிற வட்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிலோ. ஒரு வட்டுக்கு 550 லிட்டர் பால் போயிருக்கும். உலகம் பார்மெசான் என்று அழைக்கும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ இதுதான். வயது 12 மாதம் ஆனதும் ஒவ்வொரு வட்டுக்கும் பரீட்சை உண்டு. பரிசோதகர் கையில் இருப்பது ஒரு சின்னச் சுத்தியல். வட்டை உருட்டிக்கொண்டே மேலும் கீழும் பக்கவாட்டிலும் டக் டக்கென்று தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் அதே வித்தை.

தட்டும்போது கிளம்பும் அதிர்வு, உள்ளே ஒரே சீராகக் கெட்டித்த பொருளில் தங்குதடையின்றி ஓடும். சத்தம் எங்கும் ஒரே மாதிரி வரும். நடுவில் ஒரு விரிசலோ காற்றுப் பொந்தோ இருந்தால், அந்த இடத்தில் அதிர்வு மோதித் திரும்பிச் சிதறும். சத்தம் தொளதொளத்துவிடும். வெட்டாமலேயே வயிற்றுக்குள் இருப்பது வெளியே வந்துவிடுகிறது. ஸ்கேன் எடுக்கும் டாக்டர் நம்பியிருப்பதும் எதிரொலியைத்தான்.

பொந்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மாட்டின் தீவனத்திலிருந்து. குழியில் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் சாணம் வழியாகப் பாலுக்கு வந்து சேரும். சீஸ் காய்ச்சும் செம்புக் கொப்பரையின் 55 டிகிரிச் சூடு அவற்றை ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்து, சீஸில் உள்ள லாக்டிக் அமிலச் சத்தைத் தின்று வாயுவை விடும். வட்டு உள்ளுக்குள் வெடிக்கும். இதைத் தடுக்கப் பாலில் எந்த மருந்தும் சேர்க்க இங்கே அனுமதி இல்லை. அதனால் புளித்த தீவனத்துக்கே தடை. மாடுகளுக்கு முக்கியமாகப் பசும்புல்லும் உலர்ந்த புல்லும்தான். சுத்தியலின் சத்தம் உண்மையில் மாட்டுத்தொழுவத்தையே விசாரிக்கிறது!

தேறிய வட்டுக்கு நெருப்பு முத்திரை. தேறாததன் மேல்தோலில் புள்ளியெழுத்தாகப் பதித்த சீஸின் பெயரையே சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

இதே கறார் ஊருக்குள் ஓபராவிடமும் உண்டு. 1829-இல் இங்கே திறந்த அரங்குதான் இன்றைய தியேட்ரோ ரேஜ்ஜோ. திறப்பு விழாவுக்கென்றே பெல்லினி இசையமைத்த 'ஜாயிரா'வை முதல் இரவே பார்மா ரசிகர்கள் நிராகரித்தார்கள். இன்றும் உச்சி மாடத்து மலிவு இருக்கைக்காரர்களை நினைத்துப் பாடகர்கள் நடுங்குவார்களாம். ஓபரா இசையமைப்பாளர் வெர்டி பிறந்த கிராமம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, சத்தம் சரியாக வந்த வட்டுக்குள் என்ன நடக்கிறது? நாம் உறை ஊற்றுவது போல, நேற்றைய தயாரிப்பில் மிஞ்சிய புளித்த பால் தெளிநீரைத்தான் இன்றைய பாலில் ஊற்றுகிறார்கள். கூடவே, பாலைத் திரட்ட, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டையும் சேர்ப்பார்கள். (சைவம் கடைப்பிடிப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.) அந்த உறையின் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைச் சில நாளிலேயே தீர்த்துவிட்டு மடிகின்றன. அவற்றின் நொதிகள் மட்டும் வேலையை நிறுத்துவதில்லை. நீளமான புரதச் சங்கிலிகளை மாதக்கணக்கில் கண்ணி கண்ணியாக அறுக்கின்றன. அப்படி விடுபடும் குளூட்டமேட்தான் நாக்கில் நின்று பேசும் அந்த ஆழ்ந்த ருசி. 100 கிராம் சீஸில் அது ஒரு கிராமுக்கும் மேல் சேர்ந்துவிடும். டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. விடுபட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைப் படிகமாக உறைகிறது.

பழுத்த வட்டைக் கத்தியால் அறுப்பதில்லை. வாதுமைப் பருப்பு வடிவத்தில் இருக்கும் குட்டைக் கத்தியைச் செருகி நெம்பினால், மணல்கல் பிளப்பது போலக் கரடுமுரடாக உடையும். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பலர் உப்பு என்று நினைத்துவிடுவார்கள். மென்று பாருங்கள், அந்தப் படிகம் பல்லிடுக்கில் நறுக்கென்று நொறுங்கும். அந்தச் சத்தம் தாடை எலும்பு வழியாக நேரே உங்கள் காதுக்குள் போய்ச் சேரும்.