முப்பது டிகிரியில் பிறக்கும் எழுத்து

அழகெழுத்து பழக நல்ல கையெழுத்து இருக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை. எழுத்தின் அழகில் பெரும்பங்கு பேனா முனையின் கோணத்தில் இருக்கிறது. அந்தக் கோணம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் பாடம்.

இதற்கான பேனாவின் நிப், உளியின் வாய்போலத் தட்டையாக இருக்கும். அந்த விளிம்பை எழுதும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்த்து, பேனாவைத் திருப்பாமல் இழுத்தால் தடிமன் தானாகவே மாறும். 3.8 மி.மீ. நிப்பில் நேர்கீழாக இழுக்கும் கோடு சுமார் 3.3 மி.மீ. அகலம் வரும். படுக்கைக் கோடு 1.9 மி.மீ.தான். விளிம்பு சாய்ந்த திசையிலேயே நகர்த்தினால் மயிரிழை. இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை.

ஆங்கில 'ஓ'வை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். கடிகார முகத்தில் 11 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி, இடப்பக்கமாக வளைந்து 5 மணியில் முடிக்க வேண்டும். மீண்டும் 11-இல் தொடங்கி வலப்பக்கமாக அதே 5-க்கு வர வேண்டும். இரண்டு இடங்களிலும் கோடு மெலிந்திருப்பதால் ஒட்டு தெரியாது. வளைவில் மணிக்கட்டைத் திருப்பினால் இந்த மெலிவு கெட்டுவிடும். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இந்த முறையை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர் லண்டனில் கற்பித்த எட்வர்ட் ஜான்ஸ்டன். பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கூர்ந்து பார்த்து, அவற்றின் வடிவங்கள் பேனா முனையிலிருந்து எப்படிப் பிறந்தன என்று ஆராய்ந்தார். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ராம்சே சங்கீதப் புத்தகத்தை (பைபிளின் சங்கீதங்கள் அடங்கியது) முன்மாதிரியாகக் கொண்டு அவர் வகுத்த 'ஃபவுண்டேஷனல்' எழுத்தே இன்றும் பலருக்கு அரிச்சுவடி. 1906-இல் வெளிவந்த அவரது பாடநூல் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியது.

செலவில்லாமல் தொடங்க ஒரு வழி உண்டு. இரண்டு பென்சில்களை, முனைகள் சமமாக இருக்கும்படி, ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுங்கள். இரு முனைகளும் நிப்பின் இரு மூலைகள். கோணம் பிசகினால் இரட்டைக் கோடுகளின் இடைவெளி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கை பழகியதும் பேனா வாங்கலாம். தொடக்கத்துக்கு அகலமான நிப்பே நல்லது. தவறுகள் பளிச்சென்று தெரியும். மை ஊறிப் பரவாத வழவழப்பான தாள் வேண்டும். இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பக் கூடாது. அதிலுள்ள அரக்கு காய்ந்து மைப்பாதையை அடைத்துவிடும்.

எழுத்தின் உயரத்தையும் நிப்பே தீர்மானிக்கிறது. 'எக்ஸ்' போன்ற சிறிய எழுத்துகளுக்கு நான்கு நிப் அகலம், அதாவது 3.8 மி.மீ. நிப்புக்கு 15.2 மி.மீ. அந்த அளவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதலில் 'ஐ', 'எல்' போன்ற நேர்கோட்டு எழுத்துகள், பிறகு 'ஓ', 'சி', 'ஈ' என்ற வட்டக் குடும்பம், அடுத்து 'என்', 'எம்', 'எச்' என்ற வளைவுக் குடும்பம். 26 எழுத்துகளையும் ஒரே நாளில் துரத்த வேண்டாம். 'ஓ' வசப்பட்டால் 'சி'யும் 'ஈ'யும் பாதி வந்த மாதிரிதான்.